ரெண்டாவதின் நிறை குறைகள்

காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு பேசுகிறவனுக்குத் தான் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று தெரியாது. எதிரே உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியும். அந்த எதிரே உட்கார்ந்திருப்பவர் யார் என்பதும் அவனுக்குத் தெரியாது. என் வாழ்க்கையில் நான் சொந்தமாகக் கண்டுபிடித்த உண்மை இது ஒன்றுதான். இதைக் கண்டுபிடிக்க எனக்குக் கிட்டத்தட்ட ஒரு கல்யாணம் செலவாகியிருக்கும்.

ஏழு வருடமாக இந்தக் கதை ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சொல்வதில்லை. மற்றவர்கள் சொல்வார்கள், நான் பக்கத்தில் நின்று சிரிக்க வேண்டும். காதுகுத்தோ கிரகப்பிரவேசமோ, பந்தியில் ரசம் வருவதற்குள் யாராவது ஒருவர், "அந்த ஷேர் ஆட்டோ கதையைச் சொல்லுங்களேன்" என்று ஆரம்பித்துவிடுவார். ஒவ்வொரு விசேஷத்திலும் கதை கொஞ்சம் வளர்ந்துவிடுகிறது. போன வைகாசியில் கேட்டபோது ஆட்டோவில் பதினாலு பேர் இருந்தார்கள். (இருந்தது எட்டுப் பேர். டிரைவரைச் சேர்த்து.) எனக்கு அலுத்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதி வைத்துவிடுகிறேன். இனி கேட்பவர்களிடம் இந்தத் தாள்களை நீட்டிவிட்டு நான் பாயசத்தைக் கவனிக்கலாம்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. வீடு அனகாபுத்தூரில், அடையாற்றங்கரையில். வேலை செம்பாக்கத்தில், பல் டாக்டர்களுக்குச் சாமான் விற்கிற ஒரு கடையின் கிடங்கில். பல் அச்சு எடுக்கும் மாவு, கண்ணாடி, கொக்கி, இதையெல்லாம் எண்ணி அடுக்குவது என் பணி. மீதி நேரத்தில் கேம் விளையாடுவேன். அதுவும் சாதாரண கேம் இல்லை, பயமுறுத்துகிற கேம். பாழடைந்த இடத்தில் தனியாக மாட்டிக்கொண்டு, கையில் இருக்கிற நாலு தோட்டாவையும் அரை பாட்டில் மருந்தையும் வைத்துக்கொண்டு உயிர் பிழைக்க வேண்டும். நாள் முழுக்க எட்டு மணி நேரம் பற்களைப் பார்த்துவிட்டு வருபவனுக்கு அது ஒரு ஓய்வு.

என் நண்பன் டில்லி பம்மலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். அதோடு கேம்களைப் பற்றித் தமிழில் பேசுகிற ஒரு வீடியோ சேனலும் நடத்தினான். குரல் அவனுடையது, விஷயம் என்னுடையது. ஒரு கேம் வந்தால் நான் விளையாடி முடித்து அதன் நிறை என்ன, குறை என்ன என்று சொல்வேன், அவன் வாசிப்பான்.

டில்லியிடம் ஒரு பேச்சு வழக்கம் உண்டு. இந்தக் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது. எதற்காவது இரண்டாம் பாகம், இரண்டாம் மாடல் என்று வந்தால், அவன் அதை வீட்டுப் பிள்ளைகளைச் சொல்வது போலத்தான் சொல்வான். "மூத்தது பேட்டரி நிக்கும் சார். ரெண்டாவது சூடாயிக்கினே கீது" என்று அவன் போனைப் பற்றிச் சொன்னதைக் கேட்டு, ஒரு வாடிக்கையாளர் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நினைத்துக் கஷாயம் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார். பழகப் பழக அந்தப் பேச்சு எனக்கும் ஒட்டிக்கொண்டது. முதல் பாகம் என்றால் மூத்தது. இரண்டாம் பாகம் என்றால் ரெண்டாவது.

அந்த வருடம் நாங்கள் இருவரும் காத்திருந்த ஒரு கேமின் இரண்டாம் பாகம் வந்தது. பெயர் எதற்கு, நாங்கள் அதை ஆஸ்பத்திரி கேம் என்போம். மூத்ததில் ஒரு பெண், மூடிக்கிடக்கும் ஆஸ்பத்திரியில் தனியாக மாட்டிக்கொள்வாள். கையில் ஒரு டார்ச், அதிலும் பேட்டரி பாதி. வாயைத் திறக்க மாட்டாள். ரெண்டாவதில் அதே பெண், எட்டு வருடம் கழித்து, வெள்ளம் சூழ்ந்த ஒரு ஊரில் தன் தங்கையைத் தேடி நடக்கிறாள். இடுப்பளவு தண்ணீரில் மெதுவாகத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். செய்தவர்கள் இதைத்தான் பெரிய திகில் என்று நினைத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் அதற்குக் கார்த்திகை மாதம் என்று பெயர். அடையாற்றங்கரைக்காரனைத் தண்ணீர் காட்டிப் பயமுறுத்த முடியாது என்று நானும் அலட்சியமாகத்தான் இருந்தேன்.

ஆனால் அதன் சத்தம் வேறு கதை. ஒரு கட்டத்தில் அந்தப் பெண் ஒரு அறைக்குள் ஒளிந்திருக்க, கதவிடுக்கு வழியாகத் தண்ணீர் மெல்ல உள்ளே வரும். சலசலப்பு கூட இல்லை, ஒரு மாதிரி நாக்கால் நக்குகிற சத்தம். அன்று இயர்போன் சார்ஜில் இருந்ததால் ஸ்பீக்கரில் வைத்திருந்தேன். சமையலறையிலிருந்து அம்மா வந்தார். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில் மேல் வைத்தார். டிவி பிளக்கைப் பிடுங்கினார். பீரோவிலிருந்து என் சர்டிபிகேட் இருந்த பையை எடுத்துப் பரண் மேல் வீசினார். அப்புறம்தான் வாசலை எட்டிப் பார்த்தார்.

"ஏன்டா சரவணா, தெரு காஞ்சு கெடக்கே?"

நான் திரையைக் காட்டினேன். அம்மா அரிசி மூட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எறக்கி வை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இதெல்லாம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அதே வாரம் ஞாயிற்றுக்கிழமை, மாடம்பாக்கத்தில் பெண் பார்க்கப் போயிருந்தோம். பெண்ணின் பெயர் நித்யா. ஒரு பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. அக்கா வித்யாவுக்குக் கல்யாணமாகித் திருச்சியில் இரண்டு பிள்ளைகள். அதாவது நித்யா அந்த வீட்டின் இரண்டாவது பெண். (இந்த இடத்தில் பந்தியில் இருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிப்பார்கள். நீங்களும் சிரித்துவிடுங்கள், நான் காத்திருக்கிறேன்.)

கேசரித் தட்டை நீட்டியபோது அவள் கட்டைவிரலில் ஒரு சின்ன பிளாஸ்திரி இருந்தது. "ஊசி குத்திக்கிட்டீங்களா?" என்று கேட்டேன். "இல்ல, இந்தக் கேசரிக்கு முந்திரி ஒடைச்சேன்" என்றாள். அதற்குள்ளேயே எனக்கு முடிவாகிவிட்டது. பிறகு அவள் கேட்டாள், "வேலை இல்லாதப்ப என்ன பண்ணுவீங்க?"

கேம் பற்றி வாயைத் திறக்கக்கூடாது, சின்னப் பையன் என்று நினைப்பார்கள் என்று அம்மா பஸ்ஸிலேயே சத்தியம் வாங்கியிருந்தார். "புத்தகம் படிப்பேன்" என்றேன். என்ன புத்தகம் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்தது பல் சாமான் கேட்லாக் ஒன்றுதான்.

அங்கேயே சம்மதம் என்று சொல்லியிருப்பேன். ஆனால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறதே. "வீட்டுக்குப் போய்க் கலந்து பேசிட்டு போன் பண்றோம்" என்று அம்மா எழுந்துவிட்டார். வீட்டில் கலந்து பேச ஆளே இல்லை, அம்மாவும் நானும்தான். பஸ்ஸிலேயே கலந்து பேசி முடித்தாயிற்று. ஆனாலும் வியாழக்கிழமைதான் போன் பண்ண வேண்டும் என்றார். "ஒடனே சொன்னா அலையறோம்னு நெனைப்பாங்க. நாலு நாள் போகட்டும்."

அந்த நாலு நாளில் மூன்றாவது நாள் புதன்கிழமை.

காலை பத்து மணி. கிழக்குத் தாம்பரத்தில் ஷேர் ஆட்டோ ஏறினேன். எதிரும் புதிருமாக உட்காருகிற பெரிய ஆட்டோ, சைலன்சர் எப்போதோ உயிரை விட்டிருந்தது. ஏறியதும் டில்லி கூப்பிட்டான்.

"மச்சான், இன்னா பேஜார் பண்ற. வீடியோ எல்லாம் ரெடி பண்ணிகினு குந்திகினு கீறேன். நிறை குறை எங்க?"

"ஆபீஸ் போய் எழுதி அனுப்பறேன்டா."

"அதெல்லாம் வாணாம். வாயால சொல்லு. நான் டைப் பண்ணிக்கினே வர்றேன்."

நான் ஆஸ்பத்திரி கேம் என்று ஆரம்பித்து கதைச் சுருக்கம் எல்லாம் சொல்லி முடித்தபோது ஆட்டோ சேலையூரில் நின்றது. வெளிர்ப் பச்சைப் புடவையில் ஒரு அம்மா, கையில் கீரைக்கட்டுப் பையோடு ஏறி என் எதிரே உட்கார்ந்தார். நான் காலை மடக்கி இடம் விட்டேன். அவர் என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். ஏதோ தெரிந்தவரைப் பார்த்துச் சிரிப்பது போலிருந்தது. மரியாதைக்கு நானும் சிரித்தேன். ஞாயிற்றுக்கிழமை நான் முந்திரிக் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உள்ளே அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டே கதவுத் திரை வழியாக என்னை முழுசாகப் பார்த்து முடித்த கோமளா பெரியம்மா அவர் என்று எனக்கு எப்படித் தெரியும்? நித்யாவின் அம்மாவுக்கு அக்கா. கீரையைத் தங்கை வீட்டில் கொடுக்கப் போய்க்கொண்டிருந்தார்.

"நிறை சொல்லு மொதல்ல" என்றான் டில்லி.

சைலன்சரை மீறிக் கத்தினேன். "நிறைன்னா, ரெண்டாவது பாக்க நல்லாருக்கு. அதுல குறை சொல்ல முடியாது. மூத்ததை விடக் கலரு. ஆனா கிட்டப் போய்ப் பாத்தா முடி மட்டும் ஒட்ட வெச்ச மாதிரி இருக்கு."

பெரியம்மாவின் சிரிப்பு அப்படியே நின்றது. நான் அதைக் கவனிக்கவில்லை. நான் ஜன்னல் வழியாகக் கேம்ப் ரோடு நெரிசலைப் பார்த்துக்கொண்டு சிந்தித்துக்கொண்டிருந்தேன். விமர்சகன் அல்லவா.

"அப்புறம் சத்தம். சத்தம் பயங்கரம் மச்சான். எங்கம்மா கேட்டுட்டு அரிசி மூட்டையைத் தூக்கிக் கட்டில் மேல வெச்சுட்டாங்க."

"செம்ம. குறை?"

"குறை நெறைய இருக்கு. ரொம்பப் பேசுது. மூத்தது வாயே தொறக்காது, அதான் அதுக்கு அழகு. இது ஒவ்வொரு கதவைத் தொறக்கும்போதும் ஏதோ பொலம்புது. நடை சரியில்ல. காலை இழுத்து இழுத்து நடக்குது. நாலடி ஓடினா மூச்சு வாங்குது."

சேலையூரில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா முழம் போட்டுக்கொண்டிருந்த கையை நிறுத்திவிட்டார். யாரிடம் என்றில்லாமல் ஆட்டோ கூரையைப் பார்த்துச் சொன்னார்: "இன்னா வாயி இது."

நான் டிரைவரைச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

"மூத்ததுக்கு ஒண்ணுமே குடுக்கல. இருந்ததை வெச்சு ஓட்டணும். ரெண்டாவதுக்கு எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டாங்க. அவ்வளவு குடுத்தா அப்புறம் என்ன இருக்கு?"

இது தோட்டாக்களைப் பற்றி. தோட்டா குறைந்தால்தான் பயம் கூடும் என்பது இந்த வகை கேமின் அடிப்படைத் தத்துவம். அதை நான் ஒரு தனி வாக்கியமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"முடிவா இன்னா சொல்ற?" என்றான் டில்லி.

இந்த இடத்துக்கு வரும்போது இப்போதும் எனக்குக் காது சூடாகிறது.

"முடிவா சொல்லணும்னா எனக்கு மூத்ததுதான் புடிச்சிருக்கு. ஆனா அதை எல்லாரும் பாத்து முடிச்சாச்சு. ரெண்டாவதை ஒரு தடவை போய்ப் பாக்கலாம், தப்பில்ல. ஆனா வெச்சுக்க முடியாது. எடத்தை அடைச்சுக்கும்." (கம்ப்யூட்டரில். கேம் எண்பது ஜி.பி.) "அவசரப்பட வேணாம். மூணாவது ரெடியாயிட்டு இருக்காம். அடுத்த வருஷம் வந்துடுமாம். அதைப் பாத்துட்டு முடிவு பண்ணிக்கலாம்."

ராஜகீழ்ப்பாக்கத்தில் ஆட்டோ நின்றது. பச்சைப் புடவை அம்மா இறங்கினார். இறங்கி நின்று என்னை மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். நான் இயர்போனைக் கழற்றி, "பாத்துப் போங்கம்மா" என்றேன். நல்ல வளர்ப்பு.

ஆட்டோ கிளம்பியதும் டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துக் கேட்டார், "சார், அந்த ரெண்டாவது பார்ட்டு எந்தத் தியேட்டர்ல ஓடுது?"

இதை அவர் ஒரு ஸ்டாப்பிங் முன்னாடி கேட்டிருக்கலாம்.

மத்தியானம் நான் டிபன் பாக்ஸைத் திறக்கும்போது அம்மா போன் செய்தார். அம்மாவின் குரலில் கோபம் இல்லை. கோபத்துக்குப் பிறகு வருகிற ஒரு தட்டையான குரல்.

"ஆட்டோல என்னடா பேசின?"

"என்ன ஆட்டோ?"

"மாடம்பாக்கத்துலேருந்து போன் வந்துச்சு. ஒனக்கு அவங்க மூத்த பொண்ணுதான் புடிச்சிருக்காமே. அதுக்கு ரெண்டு புள்ளைங்க இருக்குன்னு அவங்க அப்பா ஞாபகப்படுத்தினாரு. ரெண்டாவது பொண்ணு காலை இழுத்து நடக்குதாம். முடி சவுரியாம். போய்ப் பாக்கலாமாம், வெச்சுக்க முடியாதாம்."

எனக்குக் கீழே ஸ்டூல் இருப்பதே மறந்துபோனது.

"பொண்ணோட அம்மாவுக்கு மூணாவது அடுத்த வருஷம் பொறக்கப் போவுதுன்னு நீ சொன்னியாமே. அவங்களுக்கு அம்பத்தி மூணு வயசாவுதுடா. அக்காகாரி வந்து, 'எங்கிட்டகூட மறைச்சிட்டியே'ன்னு அழுதுச்சாம்."

"அம்மா, அது கேமும்மா."

"தெரியும். அரிசி மூட்டைன்னு சொன்னவுடனே எனக்குப் புரிஞ்சிடுச்சு. நானும் சொன்னேன், அது கேம்ங்கன்னு. அதுக்கு அவரு இன்னா சொன்னாரு தெரியுமா? 'பொண்ணு பாக்கறது உங்களுக்கு கேமா'ன்னு கேட்டுட்டு வெச்சிட்டாரு."

அன்று நான் சாப்பிடவில்லை. எலுமிச்சை சாதம், அதுவும் உருளைக்கிழங்கு வறுவலோடு. கிடங்கில் பல் செட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து யோசித்தேன். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. பிடித்திருக்கிறது என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அவள் பெரியம்மாவிடம் கத்திச் சொல்லியிருக்கிறேன்.

மறுநாள் வியாழன். போன் பண்ண வேண்டிய நாளில் நேரிலேயே போனேன். காலை பதினொரு மணி, ஒரு நாள் லீவு, பையில் லேப்டாப். சாட்சிக்கு டில்லி. (அவனைக் கூட்டிக்கொண்டு போனது இந்தக் கதையின் இரண்டாவது தவறு.)

நித்யாவின் அப்பா கதவைத் திறந்தார். உள்ளே வரச் சொல்லவும் இல்லை, வர வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. கதவை விட்டு நகர்ந்துகொண்டார், அவ்வளவுதான். ஹாலில் கோமளா பெரியம்மா கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு அவர் கிளம்புவதாக இல்லை என்பது பார்த்தாலே தெரிந்தது. நித்யா அடுப்படி வாசலில் நின்றாள். வேலைக்குக் கிளம்பித் தயாராக, தோளில் பையோடு.

"சார், நான் சொன்னது ஒரு வீடியோ கேமைப் பத்தி" என்றேன்.

"புத்தகம் படிப்பேன்னு சொன்னீங்க" என்றாள் நித்யா.

நான் லேப்டாப் பையின் ஜிப்பைத் திறந்தேன். டில்லி உள்ளே புகுந்தான். "சார், இவன் தங்கமான பையன் சார். நாங்க ரெண்டாவதைப் பாத்ததைத் தப்பா எடுத்துக்காதீங்க. ஊர்ல எல்லாரும்தான் பாக்கறாங்க. நீங்களே ஒரு தபா பாத்தீங்கன்னா..."

"யாரு பாக்கறாங்க?" என்றார் அப்பா.

"டேய், நீ லேப்டாப்பை மாட்டு" என்றேன்.

டிவியில் கேம் வந்தது. இதில் ஒரு சிக்கல் உண்டு. இந்த மாதிரி கேமில் நினைத்த இடத்தில் நிறுத்தி நினைத்த இடத்தில் தொடங்க முடியாது. கடைசியாக எங்கே பதிவு செய்தோமோ அங்கிருந்துதான் எழும். நான் கடைசியாகப் பதிவு செய்திருந்தது அந்தக் கதவிடுக்குத் தண்ணீர் அறையில். டில்லி, "இருட்டா இருந்தாத்தான் சார் எபெக்ட்டு" என்று போய் ஜன்னல் திரையை இழுத்தான். "தெறந்து விடுய்யா" என்றார் அப்பா. திறந்துவிட்டான்.

தண்ணீர் வர ஆரம்பித்தது. அந்த நக்குகிற சத்தம்.

"மோட்டாரை ஆப் பண்ணலையா?" என்றார் அப்பா.

"பண்ணேனே" என்று உள்ளிருந்து நித்யாவின் அம்மா குரல். பெரியம்மா அதற்குள் எழுந்து, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, மாடிப்படி நோக்கி ஓடியிருந்தார். மேலே போய்த் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "டேங்க் பாதிகூட ரொம்பல."

நான் மெதுவாக டிவியைக் காட்டினேன். பெரியம்மா டிவியைப் பார்த்தார். அப்புறம் என்னை. முகத்தில் முதல் முறையாக ஒரு சந்தேகம். "இதுக்குத்தான் ஒங்கம்மா அரிசி மூட்டையை..."

"ஆமாம்மா."

ஆனால் அப்பா மசியவில்லை. "சரி, சத்தம் இதான். மிச்சமெல்லாம்? வெளையாடிக் காட்டுங்க" என்றார்.

விளையாடினேன். தண்ணீருக்குள் இருந்து ஒன்று எழுந்து வந்தது. ஓடினேன். அந்தப் பெண் நாலடியில் மூச்சு வாங்கி நின்றாள். செத்தேன். மறுபடி. ஓடினேன். செத்தேன். ஒவ்வொரு முறை சாகும்போதும் பெரியம்மா, "ஐயோ, பாவம்" என்று சொன்னார், யாரைச் சொன்னார் என்று தெரியவில்லை. நாலு முறை செத்தேன். பெண் வீட்டில், பகல் வெளிச்சத்தில், நித்யாவின் அம்மா கடமைக்கு எங்கள் முன்னால் வைத்துவிட்டுப் போன மோர்த் தம்ளரோடு.

"பாத்தீங்களா" என்றேன், தோற்றவனுக்கே உரிய உற்சாகத்தோடு. "இதான் குறை. ஓடவே மாட்டேங்குது. காலை இழுத்து இழுத்து... மூத்தது எப்படி ஓடும் தெரியுமா?"

"இங்க குடுங்க" என்றாள் நித்யா.

தோள் பையைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்து கன்ட்ரோலரை வாங்கினாள். எந்தப் பட்டன் எதற்கு என்று டில்லி சொன்னான். அவள் ஓடவில்லை. டார்ச்சை அணைத்தாள். சுவரோரம் நின்றாள். அந்த ஜந்து கிட்டே வந்தது, முகர்ந்தது, திரும்பியது. பிறகு ஒரு அடி, நிறுத்தம், ஒரு அடி, நிறுத்தம் என்று அந்த அறையைக் கடந்து மறுபக்கம் போய்விட்டாள். நான் இரண்டு சாயங்காலம் செலவழித்த இடம் அது.

"அவளை எதுக்கு ஓட வெக்கறீங்க?" என்றாள் என்னைப் பார்க்காமல். "காலைலேருந்து தண்ணில நடந்துட்டு இருக்கா. களைச்சுப் போயிருக்கா. நான் கிண்டி வரைக்கும் ட்ரெயின்ல நின்னுட்டே போய், நாள் பூரா நின்னுட்டே ரத்தம் எடுத்துட்டு, திரும்பி நின்னுட்டே வர்றேன். ஸ்டேஷன் படில என்னைப் பாத்தாலும் காலை இழுத்துட்டு நடக்கறேன்னுதான் சொல்லுவீங்க."

நான் 'அது' என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவள் 'அவ' என்று சொன்னாள். மூன்று நாளில் அந்தப் பெண்ணோடு அத்தனை மணி நேரம் நடந்தும் எனக்கு அந்த வார்த்தை வாயில் வரவில்லை.

"பொலம்பறாளாம். தனியா நடந்தா யாரா இருந்தாலும் ஏதாவது பேசத்தான் செய்வாங்க. மூத்தது வாயே தொறக்காதுன்னா அதையே இவகிட்ட எதுக்கு எதிர்பாக்கறீங்க? எங்க வீட்டுலயும் அப்படித்தான். வித்யா பாடுவா, நீ பாடுவியா? வித்யா ரங்கோலி போடுவா, நீ போடுவியா? எங்க போனாலும் அளவுகோலை எடுத்துட்டு வந்துடறது."

அப்பா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெரியம்மா திடீரென்று கீரை ஆய ஆரம்பித்தார். நேற்றைய கீரை, ஏற்கனவே ஆய்ந்தது.

"அப்ப குறையே இல்லைங்கறீங்களா?" என்றேன். விமர்சகன் சாகும்போதும் விமர்சகன்.

"இருக்கு. தோட்டா ரொம்பக் குடுத்துட்டாங்க. அள்ளிக் குடுத்துட்டாங்கன்னு ஆட்டோல நீங்க சொன்னது இதைத்தானே, அது கரெக்ட். முடியும் ஒட்ட வெச்சதுதான்." எழுந்து கன்ட்ரோலரை நீட்டினாள். "ஆனா நல்லாருக்கு. நீங்கதான் ஓடி ஓடிக் கெடுத்துட்டீங்க."

சிரிக்கவில்லை. ஆனால் பையின் வாரை இரண்டு முறை சரிசெய்தாள். வேலைக்கு நேரமாகியும் கிளம்பவில்லை.

எனக்கு வேறு சந்தர்ப்பம் வராது என்று தோன்றியது. எழுந்து நின்றேன். ஒரு சபைக்குச் சொல்வது போல, சைலன்சர் இல்லாத ஆட்டோவில் கத்தியதைவிடக் கொஞ்சம் குறைந்த சத்தத்தில் சொன்னேன்:

"எனக்கு ரெண்டாவதுதான் புடிச்சிருக்கு."

டிவியில் அந்தப் பெண் சுவரோரம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

கோமளா பெரியம்மா கீரையை வைத்துவிட்டு எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "இப்ப இவரு எதைச் சொல்றாரு?"

டில்லி போனை எடுத்தான். "மச்சான், டைப் பண்ணிக்கவா?"

நித்யா அடுப்படிக்குள் போய்விட்டாள். உள்ளேயிருந்து அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. அப்பாவுக்கும் கேட்டிருக்க வேண்டும். அவர் டில்லியிடம், "மோர் இன்னொண்ணு சாப்பிடறீங்களா?" என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் சம்மதத்தை அப்படித்தான் சொல்வார்கள்.

அப்புறம் நடந்ததெல்லாம் வழக்கமானதுதான். கல்யாண மேடையில் கோமளா பெரியம்மா மைக்கை வாங்கி இந்தக் கதையை முதல் முறையாகப் பொதுவில் சொன்னார். அன்றிலிருந்து நிறுத்தவில்லை. கடையில் புடவை எடுத்தாலும், சாம்பார் ஊற்றினாலும், "நிறை குறை சொல்லுங்க மாப்பிள்ளை" என்பார். நான் எப்போதும் நிறை மட்டும்தான் சொல்கிறேன்.

எங்களுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் தாராவுக்கு ஐந்து வயது, சின்னவளுக்கு இரண்டு. எங்கள் வீட்டில் 'ரெண்டாவது' என்ற சொல்லுக்குத் தடை. சின்னவள் என்று சொல்லலாம், பெயரைச் சொல்லலாம். அளவுகோல் வீட்டுக்குள் வரக்கூடாது என்பது நித்யாவின் சட்டம். நானும் கிடங்கு வேலை முடிந்து, ஒரு தோளில் சின்னவளும் மறு கையில் தண்ணீர் கேனுமாக மூன்றாவது மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் நின்று மூச்சு வாங்குகிறேன். காலை இழுத்துத்தான் நடக்கிறேன். அந்த விமர்சனத்தில் நான் சொன்ன குறைகளில் பாதியை இப்போது என் மேலேயே ஒட்டலாம்.

அடுத்த வருடம் வருகிறது என்று அன்று ஆட்டோவில் சொன்னேனே, அந்த மூன்றாம் பாகம் வரவில்லை. அடுத்த வருடம், அடுத்த வருடம் என்று ஏழு வருடம் தள்ளிப்போட்டு, ஒருவழியாக வரப்போகிறது என்று போன வாரம்தான் அறிவித்தார்கள். வெளிவரும் அன்றே கிடைக்க வேண்டும் என்று முன்பதிவு செய்துவிட்டேன். விளையாட நேரம் இருக்காது என்று தெரியும். ஒரு பழைய மரியாதைக்காக.

இன்று காலை பெரியம்மா போன் செய்தார். நான் குளித்துக்கொண்டிருந்தேன், நித்யா சின்னவளுக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தாள். தாரா எடுத்தாள். அவள் பேசியதைக் குளியலறையிலிருந்து கேட்டேன்.

"ஆமா பெரிய பாட்டி. எங்க வீட்டுக்கு மூணாவது வரப்போகுது. அப்பா ரொம்ப சந்தோஷமா இருக்காங்க. இப்பவே புக் பண்ணிட்டாங்க."

சோப்போடு ஓடி வருவதற்குள் போன் வைக்கப்பட்டுவிட்டது. திரும்பக் கூப்பிட்டால் எடுக்கவில்லை. அரை மணி கழித்து அவரே அழைத்தார். பின்னணியில் செத்துப்போன ஒரு சைலன்சர். "மாப்பிள்ளை, ஒண்ணும் சொல்லாதீங்க, ஆட்டோல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். நார்த்தங்காய் ஊறுகாய் எடுத்துட்டு வரேன். நித்யாவை எதையும் தூக்க விடாதீங்க" என்று கத்தினார். நான் "பெரியம்மா, அது கேம்" என்றேன். சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை.

நித்யாவிடம் சொன்னேன். அவள் சின்னவளின் வாயைத் துடைத்துவிட்டு, நிதானமாக நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு காலையும் எதிர் நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"வரட்டும். ஒடனே சொல்லிடாதீங்க" என்றாள். "சாயங்காலம் வரைக்கும் எதையும் தூக்காம இருந்து பாக்கறேன்."